கஞ்சித் தொட்டியில் தொடங்கியது, இன்று வீட்டு வாசலில்!
வடசென்னை முதியோருக்கு உதவி கேட்க வழி உண்டு

சென்னை,
ராயபுரத்தில் ஆட்டோக்காரரிடம் "ஸ்டான்லி" என்றாலும் போவார். "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றாலும் போவார். பேருக்குக் காரணம் உண்டு. 1782-ல் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, பட்டணத்து மதிலுக்கு வெளியே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். 1799-ல் அதை ஒட்டி வந்த வைத்தியசாலைதான் வளர்ந்து ஸ்டான்லி ஆனது. கதியற்றவர்களுக்குச் சோறும் மருந்தும் ஒரே இடத்தில்!

எண்ணூர் ஆயா என்ன செய்வார்?

1978-ல் அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 2024 பிப்ரவரி 25-ந் தேதி கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

எல்லாம் சரி. எண்ணூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆயா கிண்டிக்கு எப்படிப் போவார்? பஸ் ஏற முடியாது. மகனுக்கு ஷிப்டு வேலை. துணைக்கு ஆள் ஏது?

வீடு தேடி மருந்து

இதற்குத்தான் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க்கு மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையானவர்களை நர்சு வந்து கவனிப்பார். கை, கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே போதும்.

இல்லத்தில் சேர்க்கும் முன்

வீட்டில் பார்க்க முடியாமல் முதியோர் இல்லம் தேடுகிறவர்களும் உண்டு. அங்கே என்ன வைத்தியம், என்ன வசதி இருக்க வேண்டும் என்று மாநில அரசு விதிக்கலாம் என்கிறது 2007-ம் ஆண்டுச் சட்டம். ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? நடுராத்திரி மூச்சுத் திணறினால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்?

கொண்டு வந்து விட்டுவிட்டு ஓடினால்? பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில், இல்லை 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம்.

நம்பர் 14567

யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற இலவசப் போன் இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். டாக்டர், முதியோர் இல்லம், சட்டம் எதுவானாலும் வழி சொல்வார்கள். தெருவில் கைவிடப்பட்ட பெரியவரைப் பார்த்தாலும் சொல்லலாம்.

அன்று கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இன்று உதவி வாசலுக்கே வரும். ஆனால் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். பெருசுக்குப் போன் போடத் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் போடலாமே!