பேட்டரி கேபிளுக்கு லக் பொருத்துவது எப்படி?

2008-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தைப் பாடாய்ப் படுத்திய மின்வெட்டை வணிகர்கள் மறந்திருக்க முடியாது. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு போன்ற வெளியூர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. மளிகைக் கடைகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பெருமளவில் குடியேறியது அந்தக் காலத்தில்தான். இன்று மின்வெட்டு குறைந்துவிட்டது. ஆனாலும் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும், கோடைமழைக் காற்றில் கம்பி அறுந்து விழும் வேளையிலும் மின்னணுத் தராசும் பில் போடும் இயந்திரமும் நிற்காமல் ஓட, இன்வெர்ட்டர்தான் நமக்குத் துணை.

மூன்று மணி நேரம் தாங்கிய இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்திலேயே ‘கீ’ என்று கத்தினால் உடனே என்ன நினைக்கிறோம்? பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, பத்தாயிரத்துக்கு மேல் செலவழித்துப் புதியது வாங்குகிறோம். பேட்டரி பழையதானால் அது சரிதான். ஆனால் பேட்டரியில் குற்றமில்லாமல், கேபிளின் முனையில் உள்ள செம்புக் காதில், அதாவது எலெக்ட்ரீஷியன்கள் ‘லக்’ என்று சொல்லும் சிறு பொருளில் குறை இருக்கவும் கூடும். பேட்டரியை மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

சிறு இணைப்பு, பெரிய மின்சாரம்

கடையில் மின்விசிறி, விளக்குகள், தராசு, பில் இயந்திரம் எல்லாம் சேர்ந்து சுமார் 500 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் லைனில் இதற்கு இரண்டரை ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும். அதே 500 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 50 ஆம்பியர் ஓட வேண்டும். பேட்டரி கேபிள் பெருவிரல் போல் தடித்திருப்பதன் காரணம் இதுதான்.

இந்த 50 ஆம்பியரும் லக்கின் வழியாகத்தான் போக வேண்டும். லக் தளர்ந்து, இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலே அங்கு அரை வோல்ட் குறைந்துவிடும். பேட்டரியில் சரக்கு இருந்தும், தீர்ந்துவிட்டதென்று நினைத்து இன்வெர்ட்டர் முன்னதாகவே நின்றுவிடும். அதோடு, அந்த இணைப்பில் 25 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கப் பயன்படுத்தும் சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம் அதுதான். எண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் சாக்கும் அடுக்கிய கடையில் அப்படியொரு சூட்டுக்கோலை யாரும் பார்க்காத மூலையில் மணிக்கணக்கில் எரிய விடலாமா?

சுத்தியலால் அடித்தால் போதாதா?

லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதும், கட்டிங் பிளையரால் கடித்துவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது. வெளிப்பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும், உள்ளே கம்பி இழைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். அதில் ஈரமும் ஆசிட் ஆவியும் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் இதற்கு ஏற்றதல்ல. சாதாரணச் சால்டர் ஏறக்குறைய 185 டிகிரி வெப்பத்தில் உருகத் தொடங்கும். இணைப்பு வேறு காரணத்தால் சூடானால் அது இளகிவிடும். மேலும் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைப்பாகிவிடுவதால், கேபிள் அசையும்போது அந்த இடத்தில் இழைகள் ஒடியும்.

சரியான முறை, அளவுக்கேற்ற அச்சில் வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துவதுதான். இதையே ‘கிரிம்பிங்’ என்கிறோம். அழுத்தத்தில் லக்கின் குழலும் செம்பு இழைகளும் இடைவெளியின்றி ஒரே கட்டியாகிவிடுகின்றன. சூடோ ஈயமோ தேவையில்லை. 1941-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.எம்.பி. நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்து கொடுத்தது இத்தகைய ஈயமில்லா இணைப்புகளைத்தான்.

வேண்டிய பொருள்கள்

கையால் பம்ப் செய்யும் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி, அறுகோண அச்சுகளுடன் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைவிட மலிவானது, லக்கை இரும்பு அச்சில் வைத்து மேலே சுத்தியலால் அடிக்கும் கருவி. வெறும் சுத்தியலைவிட இது எவ்வளவோ மேல். அடியில் கெட்டியான இரும்புத் துண்டு இருக்க வேண்டும்.

லக் வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு லக்காகக் கேளுங்கள். ‘16-8’ என்றால் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு, 8 மி.மீ. போல்ட்டுக்கு என்று பொருள். கேபிளும் லக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிய லக்கில் சிறிய கேபிளை நுழைத்து, கம்பித் துண்டுகளால் இட்டு நிரப்பக் கூடாது. கேபிள் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக் கூடும், வேண்டாம்.

செய்யும் முறை

1. இன்வெர்ட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்குங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ் என்று கழற்ற வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அருகில் பீடி, ஊதுவத்தி, விளக்கு கூடாது.

2. கேபிளின் ரப்பர் உறையை லக் குழலின் நீளத்துக்குச் சற்றே கூடுதலாக உரியுங்கள். ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. கறுத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

3. ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே கேபிளில் மாட்டிவிடுங்கள். பிறகு கம்பியைக் குழலின் அடிவரை நுழையுங்கள்.

4. அளவு பொறித்த அச்சில் வைத்து, அச்சுகள் ஒன்றோடொன்று முட்டும்வரை அழுத்துங்கள். முதல் அழுத்தம் லக்கின் தட்டைப் பகுதிக்கு அருகிலும், இரண்டாவது கேபிள் பக்கமாகவும் இருக்கட்டும்.

5. பலமாக இழுத்துப் பாருங்கள்; அசையக் கூடாது. ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் பேட்டரியிலிருந்து தள்ளிவந்து சூடாக்கி இறுக்குங்கள்.

6. மாட்டும்போது பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

புதிதாகக் கருவி வாங்கியவர்கள் முதல் லக்கைச் சோதனைக்காகப் பொருத்தி, ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்க்கலாம். உள்ளே இடைவெளியின்றி ஒரே செம்பாகத் தெரிந்தால் வேலை சரி.

பார்த்துக்கொள்ள வேண்டியவை

மாதம் ஒருமுறை, லோடு ஓடும்போது மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் காதிலும், மற்றொன்றை அதே கேபிளின் செம்பிலும் வையுங்கள். 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெர்மினல் பூத்திருந்தால், நம் கடையிலேயே விற்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடையுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பேட்டரி வேண்டாம். உப்பின் ஈரக்கசிவு உலோகத்தை அரிக்கும். பேட்டரியைப் பரணில் ஏற்றிவிட்டு, கேபிளை முறுக்கி ஒட்டுப்போட்டு நீட்டுவதும் கூடாது.

ஒரு கடைக்கு ஆண்டில் ஒருமுறைகூடத் தேவைப்படாத கருவியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒன்றாகப் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால், தலைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். தாமே செய்யத் தயங்குபவர்கள், எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்தக் கருவியை அவர் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். கல்லாவைப் பூட்டிவிட்டோமா என்று இரவில் ஒரு முறைக்கு இருமுறை இழுத்துப் பார்க்கும் நாம், பேட்டரி முனையையும் மாதம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.