எஃபெக்ட்ஸ் பெடலுக்கு மாற்று அடாப்டர்

கச்சேரிக்குக் கிளம்புகிற கிடார்காரரின் பெடல் அடாப்டர் பழுதானால் கைக்கு முதலில் அகப்படுவது வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டர்தான். பின் கச்சிதமாக உள்ளே போகும். போகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

இரண்டிலும் பின் பெரும்பாலும் ஒரே அளவு: வெளியே 5.5 மில்லிமீட்டர், உள்ளே 2.1. ஆனால் ரவுட்டருக்கு நடுவில் பிளஸ். கிடார் பெடல்களில் மிகப் பலவற்றுக்கு நடுவில் மைனஸ். இது 9 வோல்ட் பேட்டரி காலத்து ஏற்பாடு. அடாப்டரைச் செருகியதும் சாக்கெட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் பேட்டரியின் பிளஸ் ஒயரைத் துண்டிக்க வேண்டும். அதற்கு வசதியாக வெளிவளையத்தைப் பிளஸ் ஆக்கினார்கள். பேட்டரி போடாத பெடல்களிலும் அதே வழக்கம் நீடிக்கிறது. மாற்றிச் செருகினால், பாதுகாப்பு டையோடு இருக்கும் பெடல் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் உள்ளே ஐசி போய்விடலாம்.

பெடலின் சாக்கெட் அருகே ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்திருக்கும். புள்ளியோடு சேர்ந்திருப்பது மைனஸா பிளஸா என்று பாருங்கள். அடாப்டரிலும் அதே படம் வேண்டும். படம் அழிந்திருந்தால் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் நடுவில் மைனஸ்.

அடுத்து ஏசியா டிசியா. எல்லா அடாப்டரும் டிசி தருவதில்லை. டிஜிடெக்கின் வாமி பெடலில் நான்காம் தலைமுறைக்கு 9 வோல்ட் ஏசி, ஐந்தாவதற்கு 9 வோல்ட் டிசி. பெயர் ஒன்று, தேவை வேறு. அதனால் கடைக்காரரிடம் பெடலின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், பெடலையே கொண்டுபோங்கள். லேபிளில் அவுட்புட் என்ற வரியில் அலைக்கோடு இருந்தால் ஏசி, நேர்கோட்டின் கீழே சிறு கோடுகள் இருந்தால் டிசி.

வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். மில்லிஆம்பியர் மட்டும் அதிகமாக இருக்கலாம். பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். குறைவாக இருந்தால்தான் அடாப்டர் கொதிக்கும், ஒலி உடையும். பழைய டிரான்ஸ்பார்மர் வகையில் 9 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது மீட்டர் 12, 13 காட்டும். டிஜிட்டல் பெடலுக்கு அது வேண்டாம்.

அடாப்டரின் மறுமுனை 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய அடாப்டர்களுக்குப் பிஐஎஸ் பதிவு கட்டாயம். ‘ஆர்-’ என்று தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று தெரியும். எண் இல்லாத மலிவு அடாப்டரை, வேர்த்த கையோடு கிடார் கம்பியைத் தொடுகிற மேடைக்குக் கொண்டுபோகவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பீக்கரில் ‘உய்ய்ங்’ என்று கேட்டால், அது பெரும்பாலும் மலிவான சுவிட்சிங் அடாப்டரின் இரைச்சல், அல்லது ஒரே ஒயரில் பல பெடல்களைக் கோத்ததன் விளைவு. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த இணைப்புள்ள பவர் சப்ளை வாங்கினால் அது அடங்கும்.