ஊதா, வெள்ளை, பச்சை

மகளிர் தினம் நெருங்கினால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய தெருக்களில், வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கும் அக்காக்களைத் தேடிக் கல்லூரிப் பெண்கள் தோளில் குறுக்காக அணியும் சாஷ் தைக்க வருகிறார்கள். ஊதா, வெள்ளை, பச்சை என மூன்று சாட்டின் பட்டைகளை நீளவாக்கில் இணைக்க வேண்டும். "சாட்டின் வழுக்கும்மா, முதல்ல கையால ஓட்டுத் தையல் போட்டுட்டுத்தான் மெஷின்ல விடணும். தோள்கிட்ட சரிவா மடிச்சுத் தைக்கலன்னா தூக்கிக்கிட்டு நிக்கும்" என்றார் ஓர் அக்கா. எழுத்துகளைச் சங்கிலித் தையலில் போடுகிறார்.

இந்த மூன்று நிறங்களை 1908-இல் லண்டனில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்தவர் எம்மலின் பெதிக்-லாரன்ஸ். ஊதா கண்ணியத்துக்கு, வெள்ளை தூய்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு. அந்த ஆண்டு ஜூன் 21 அன்று ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டு வந்த கூட்டம் இந்த நிறங்களால் நிறைந்தது.

நம் ஊர்ப் பெண்கள் அணியும்போது கதை லண்டனோடு நின்றுவிடக் கூடாது. அதே போராட்டத்தில் ஹாலோவே சிறைக்குப் போன மார்கரெட் கசின்ஸ், 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் பிரிட்டனின் இந்திய விவகார மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அதை வழங்கியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் நாம்தான் முதல்!

ஆனால் அந்த ஓட்டு சொத்துள்ளவர்களுக்கு மட்டும். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட கூலிப் பெண்கள் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் வரை காத்திருந்தார்கள். அதனால் சாஷில் 1921-ஐ மட்டும் தைத்தால் போதாது, பக்கத்திலேயே 1952-ஐயும் தைக்கச் சொல்வேன். எனக்கு இரண்டாவதுதான் பெரிய ஆண்டு.

அந்த முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். உரிமை கைக்கு வந்தும் பெயரில்லாததால் ஓட்டுப் போட முடியாமல் போனது. ஆண்டுகளுக்குக் கீழே, பச்சைப் பட்டையில், அணிகிறவளின் சொந்தப் பெயரும் இருக்கட்டும்.