ஒரு கடை, ஒரு பண்டம்

நுழையும்முன்

கடைக்குச் செல்லாத மாணவர் எவருமிலர். ஆயினும் ஒரு கடைத்தெருவை ஒரு நூலைப் படிப்பதுபோல் படித்தவர் சிலரே. ஒரே வகைப் பண்டத்தை மட்டும் விற்கும் சிறு கடைகள் நம் ஊர்களில் எவ்வாறு தோன்றின? அவை எதனால் நிலைத்தன? இன்று அவற்றுக்கு நேர்வது என்ன? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

கடைத்தெருவில் சிறிது தொலைவு

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வட்டத் தலைநகரம் சிவகிரி. தென்காசிக்கும் இராசபாளையத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகச் செல்கிறது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து உழவரும் மாணவரும் அலுவலர்களும் நாள்தோறும் இங்கு வந்துசெல்கின்றனர். இத்தகைய ஊர் ஒன்றின் கடைத்தெருவில் காலை வேளையில் நடந்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையிலிருந்து சுக்கும் வசம்பும் கலந்த மணம் வரும். அடுத்து வெண்கலமும் எவர்சில்வரும் அடுக்கிய பாத்திரக் கடை. அதனையடுத்து விதைக் கடை. பின்னர் வளையல் கடை, கயிற்றுக் கடை, பூக்கடை எனத் தெரு நீளும்.

இக்கடைகளுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பண்டத்தையே விற்கிறது. அப்பண்டத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிவதற்கு அங்கே ஒருவர் அமர்ந்திருக்கிறார். விற்பவரே விளக்குபவராகவும் இருப்பதுதான் ஒருபொருட் கடையின் சிறப்பு.

பண்டத்தால் பெயர் பெற்றோர்

ஒரு பண்டத்தில் தேர்ந்து, அதன் பெயராலேயே அறியப்படுதல் தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. துறவியர்க்குக் கொடை அளித்தோரின் பெயர்களை அவை கூறுகின்றன. அவர்களுள் உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் ஆகியோர் உளர். கொழு என்பது கலப்பையில் பொருத்தும் இரும்பு. அறுவை என்பது ஆடை. கரூர் அருகே புகழூரில் உள்ள கல்வெட்டுகளில் பொன் வாணிகரும் எண்ணெய் வாணிகரும் இடம்பெறுகின்றனர். வெறுமனே ‘வணிகன்’ என்று பொறித்தால் போதாது, எப்பண்டத்து வணிகன் என்பதும் தெரியவேண்டும் என்று அக்காலத்தவர் கருதியிருக்கின்றனர்.

இலக்கிய உலகிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்பது தானியம். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனாரின் மகனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் ஆகியோரும் சங்கப் புலவர்களே. தராசு பிடித்த கையே எழுத்தாணியும் பிடித்தது என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

மதுரையின் அங்காடிகள்

மதுரைக்காஞ்சியைப் பாடியவர் மாங்குடி மருதனார். சங்கரன்கோவிலுக்கு அருகில் அகழாய்வு நடைபெற்ற மாங்குடியே இவரது ஊர் என்று கருதுவோர் உளர். அவ்வாறாயின், சிவகிரி வட்டாரத்துக்கு அண்மையில் வாழ்ந்த புலவர் ஒருவரே மதுரையின் கடைத்தெருவை நமக்குக் காட்டினார் எனலாம். பகலில் நடைபெறும் நாளங்காடியையும் மாலைக்குப் பின் நடைபெறும் அல்லங்காடியையும் அவர் வருணிக்கிறார். சங்கினை அறுத்து வளையல் செய்வோர், மணிகளைத் துளையிடுவோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், ஆடை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர் என அங்குள்ளோரை அவர் தொழில் நுட்பத்தால் அடையாளப்படுத்துகிறார். ‘உரைத்துக் காண்போர்’ எனும்போது பொன்னோடு, பொன்னை மதிப்பிடும் அறிவும் அங்கே கிடைத்தது என்பது புலனாகிறது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகளின் குற்றம் அறிந்தோர் இருந்த தெரு, பொன்னின் வகைகளைக் கொடிகளால் காட்டிய தெரு, துணிக்கடைத் தெரு, தராசும் அளவைகளும் ஏந்தியோர் நடமாடிய கூலத்தெரு ஆகியவற்றைக் கடந்து செல்கிறான். இத்தனை வல்லுநர் நிறைந்த நகரில்தான் அவன் பின்னர்ச் சிலம்பு விற்கச் சென்று, பொற்கொல்லன் ஒருவனின் வஞ்சனைக்கு ஆளானான். பண்டத்தின் நிறையையும் குறையையும் அறிந்தவர் நேர்மையற்றவராயின் அவ்வறிவே பிறர்க்குக் கேடாகும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை தனியே போற்றுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

தெரிந்து தெளிவோம்

*அறுவை* என்பது ‘அறு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். தறியிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதால் ஆடைக்கு ஆயிற்று. இன்று நாம் வழங்கும் *துணி* என்னும் சொல்லும் ‘துணித்தல்’ (வெட்டுதல்) என்னும் பொருளிலிருந்தே வந்தது. *துண்டு* என்பதையும் இவற்றோடு எண்ணிப் பார்க்கலாம். *ஆவணம்* என்னும் சொல் இன்று எழுத்துப் பத்திரத்தைக் குறிக்கிறது. பழந்தமிழில் கடைத்தெருவையும் குறித்தது.

ஒருபொருட் கடை எவ்வாறு பிழைக்கிறது?

சிற்றூரில் பெரும்பாலும் ஒரு பலசரக்குக் கடை இருக்கும். அரிசியும் உப்பும் தீப்பெட்டியும் அங்கே கிடைக்கும். ஆனால், அங்கே தனியாக ஒரு பாத்திரக் கடை இராது. ஒரு சிற்றூரில் ஆண்டுக்கு மூன்று திருமணங்கள் நிகழ்வதாகக் கொள்வோம். அவற்றை நம்பி ஒருவர் பாத்திரக் கடை நடத்த இயலாது. அத்தகைய நாற்பது சிற்றூர்களுக்கு நடுவே உள்ள ஊரிலோ ஆண்டுக்கு நூற்றிருபது திருமணங்களுக்குச் சீர்வரிசை வாங்க மக்கள் வருவர். அங்கே அக்கடை பிழைக்கும். எந்தப் பண்டம் அரிதாகத் தேவைப்படுகிறதோ, அதனை விற்கும் கடைக்கு அந்த அளவுக்கு அகன்ற சுற்றுவட்டாரம் வேண்டும். செருமானியப் புவியியலறிஞர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் தம் நூலில் இக்கருத்தை ‘மைய இடக் கோட்பாடு’ என விரித்துரைத்தார்.

ஒரே பண்டத்தை விற்கும் கடைகள் அருகருகே அமைவதற்கும் காரணம் உண்டு. வாங்குவோர் நான்கு கடை ஏறி இறங்கி விலையையும் தரத்தையும் ஒப்பிடலாம். ஒரு கடையில் இல்லாத பொருளை அடுத்த கடையிலிருந்து பெற்றுத் தருவதும் எளிது. ‘இத்தெருவுக்குச் சென்றால் கிடைக்கும்’ என்னும் பெயர் தெரு முழுவதற்கும் பயன் தருகிறது. மதுரையில் வளையல்காரத் தெரு போன்ற பெயர்கள் இவ்வாறு நிலைத்தவையே.

விளையும் பொருளும் ஒரு சந்தையை உருவாக்கும். சிவகிரிக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையிலுள்ள புளியங்குடி எலுமிச்சை வணிகத்துக்குப் பெயர் பெற்றது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே மாலைப்பொழுதில் மட்டும் திறக்கப்படும் இருட்டுக்கடை அல்வாவை நாடி வெளியூரினர் வருகின்றனர். பெரிய பெயர்ப்பலகையோ விளக்கு அலங்காரமோ இன்றி, ஒரே பண்டத்தின் தரத்தால் ஒரு சிறு கடை எவ்வளவு தொலைவு அறியப்படலாம் என்பதற்கு அது சான்று.

கடைக்காரர் அறிந்தவை

நாட்டு மருந்துக் கடையில் ‘திப்பிலி வேண்டும்’ என்று கேட்டால், ‘அரிசித் திப்பிலியா, கண்டந்திப்பிலியா?’ என்ற வினா எழும். முன்னது காய், பின்னது வேரும் தண்டும் சார்ந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்தது திரிபலை. கடுக்காயில் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் கொள்ளவேண்டும் என்பதையும் கடைக்காரரே சொல்லியனுப்புவார். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று ஐயுற்றால், நீரில் இட்டுப் பார்க்குமாறு கூறுவார். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும்.

பாத்திரக் கடையிலும் இத்தகைய அறிவு உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த உணவை வைத்தால் களிம்பு ஏறும். அது உடலுக்குத் தீங்கு தரும். ஆதலால் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவித் துடைத்து, உட்புறத்தில் வெள்ளீயத்தை உருக்கிப் பூசுவர். இதனை ஈயம் பூசுதல் என்பர். இரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. காரீயம் நஞ்சு, அதனைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்கியவர் நலம் காக்கப்பட்டது. அறியாதவரிடம் வாங்கினால் இடர் உண்டு. ஒரு கடைக்காரரின் அறிவு ஒரு குடும்பத்தின் உடல்நலத்தோடு தொடர்புடையது என்பதற்கு இஃது எளிய சான்று.

மாறிவரும் கடைத்தெரு

இன்று நிலைமை மாறி வருகிறது. பல்பொருள் அங்காடிகள் ஊர்தோறும் தோன்றியுள்ளன. கைப்பேசி வழியே பண்டங்கள் வீட்டுக்கே வருகின்றன. கடை நடத்தியோரின் பிள்ளைகள் வேறு பணிகளுக்குச் செல்கின்றனர். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் காலத்தில் எழுந்த புதுமண்டபத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் பல்லாண்டுகள் இருந்தன. அண்மை ஆண்டுகளில், மண்டபத்தின் சிற்பங்களைக் காக்கும் நோக்கில் அவை குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பம் காக்கப்படுதல் நன்றே. எனினும், இடம் மாறும் கடையோடு அதன் வாடிக்கையாளர் அனைவரும் மாறுவதில்லை.

பழைய கடைத்தெருவை முற்றிலும் பொற்காலமாகப் போற்றுவதும் பொருந்தாது. பிறப்பின் பெயரால் கடை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் இருந்தனர். கடன் கணக்கை எழுதியவர் கையில் எழுத்தறியாத உழவர் ஏமாந்ததும் உண்டு. இன்று பொட்டலத்தின்மீது விலையும் எடையும் அச்சிடப்படுகின்றன. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிட வகை செய்கிறது. எவரும் உள்ளே சென்று, விரும்பிய பொருளைத் தாமே எடுத்துக்கொள்ளும் அங்காடி பலருக்கு மதிப்பைத் தந்துள்ளது. இந்நன்மைகளை மறுத்தல் இயலாது.

ஆயினும், பொட்டலத்தின்மீது அச்சிட இயலாதது ஒன்று உண்டு. ‘இம்மழைக்கு இவ்விதை வேண்டாம், பத்து நாள் பொறுங்கள்’ என்று உழவரிடம் கூறும் விதைக் கடைக்காரரின் சொல் எந்த உறையிலும் எழுதப்பட்டிருக்காது. அவர் கடையை மூடினால் விதை வேறிடத்தில் கிடைக்கும். நாற்பது ஆண்டுகள் அவ்வட்டாரத்து மண்ணையும் மழையையும் கேட்டறிந்த அறிவு அவ்வாறு கிடைப்பதில்லை. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படவில்லை, வாய்மொழியாகவே வாழ்கிறது.

நாம் செய்யத்தக்கது

ஒரு கடை நிலைப்பதும் மறைவதும் வணிகத்தின் போக்கைப் பொறுத்தவை. ஆனால், அதன் அறிவு எழுதப்படாமல் மறைவதைத் தடுப்பது கற்றோர் கடமை. வரும் விடுமுறையில் உங்கள் ஊரின் கடைத்தெருவில் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைந்த வேளையில் சென்று, இசைவு பெற்றுக் கடைக்காரரிடம் உரையாடுங்கள். பண்டங்களின் பெயர்கள், அவற்றின் வகைகள், தரம் காணும் முறைகள், பழைய அளவைகள் ஆகியவற்றை அவர் சொல்லும் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அச்சொற்களுள் சில அகராதிகளில் இல்லாதிருக்கலாம். அவையே முதலில் எழுதப்பட வேண்டியவை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உப்பு வணிகர் ஒருவரின் பெயரை யாரோ ஒருவர் அழகர்மலைப் பாறையில் பொறித்தார். அதனால் அவரை இன்று நாம் அறிகிறோம். உங்கள் ஊர் வணிகரை வருங்காலத்தவர் அறிய, உங்கள் குறிப்பேட்டின் ஒரு பக்கம் போதும்.