தொட்டால் சுடும் ரப்பர்

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியர்களும் தவறவிடக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, புக்கிட் கியாராவில் 1996இல் திறக்கப்பட்ட தேசிய அறிவியல் மையம். மற்றது, இரட்டைக் கோபுரத்தை ஒட்டி 1999இல் தொடங்கப்பட்ட பெட்ரோசைன்ஸ். பழைய அருங்காட்சியகங்களில் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கும். இவ்வகைக் கூடங்களிலோ பிள்ளை திருக வேண்டும், இழுக்க வேண்டும், ஊத வேண்டும். கை பட்டால்தான் அறிவியல் பேசத் தொடங்கும்.

இவற்றுக்கெல்லாம் உலக அளவில் முன்னோடியாக விளங்குவது 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த எக்ஸ்புளோரடோரியம். அதை நிறுவியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அரசியல் காரணங்களால் 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்த அவர், கொலராடோவில் மாடு வளர்த்தார். பின்னர் அந்த ஊர்ப்புறத்து உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் கற்பித்தார். உலகமே பின்பற்றும் ஒரு கூடத்தை உருவாக்கியவர் ஒரு காலத்தில் நாட்டுப்புற வாத்தியார் என்பதை நம் தோட்டப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இத்தகைய கூடங்களில் பரவலாகக் காணப்படும் ஒன்று சுழல் மேடை. கைகளை விரித்தபடி அதில் சுழலும் பிள்ளை, கைகளை நெஞ்சோடு அணைத்தவுடன் விர்ரென்று வேகமெடுக்கிறது. மறுபடி விரித்தால் வேகம் தணிகிறது. ‘கோண உந்தம்’ என்ற சொல்லைப் பாடநூலில் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே உடம்பு அதை அறிந்துகொள்கிறது.

இதே முறையில் தோட்டத்து வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்று போதும். சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள்: வெதுவெதுப்பாக இருக்கும். உதட்டிலிருந்து எடுத்து, அந்த இழுத்த நிலையிலேயே சில நொடிகள் காற்றில் பிடித்திருங்கள். பிறகு தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள்: சில்லென்று இருக்கும். அறுந்து கண்ணில் படாமல் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இதை முதலில் கவனித்து 1805இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜான் கஃப். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். கண்ணுள்ளவர்கள் கவனிக்காமல் விட்டதை அவருடைய உதடு கண்டுபிடித்தது. 1859இல் இயற்பியலாளர் ஜூல் அதை நுட்பமாக அளந்து உறுதிப்படுத்தினார்.

காரணம் எளிது. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சும்மா இருக்கும்போது அவிழ்ந்த நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும். இழுத்தால் அவை ஓரளவு ஒழுங்காக வரிசைப்படுகின்றன. நம் கை செய்த வேலை வெப்பமாக வெளிப்படுகிறது. தளரவிட்டால் மீண்டும் சிக்கிக்கொள்கின்றன. அப்போது ரப்பர் குளிர்கிறது. சூடேற்றினால் இரும்பு நீளும். ஆனால் எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பர், சூடுபட்டால் சுருங்கி எடையை மேலே தூக்கும்.

இந்த ரப்பர் நம் தாத்தா பாட்டிமார் சீவிய மரத்தின் பால். அவர்கள் வேலையிலும் எவ்வளவு அறிவியல்! பால்குழாய்களுக்குள் விடியுமுன் அழுத்தம் மிக அதிகம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அது குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு ஓடினார்கள். பட்டைக்குள் அந்தக் குழாய்கள் நேராக ஏறாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டே அதிகக் குழாய்களைத் திறக்கும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயப்படாதிருக்க, அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே கத்தி நிற்க வேண்டும். இருட்டில் அந்த ஒரு மில்லிமீட்டரை அளந்தது அவர்கள் விரல்.

இன்று பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாக நிற்பது செம்பனை. அதிலும் அறிவியல் உண்டு. அதன் ஆண்பூ மலரும்போது சோம்பு வாசனை வீசும். அந்த வாசனையைத் தேடி வரும் ஒரு சின்னஞ்சிறு வண்டுதான் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுசேர்க்கிறது. கேமரூனிலிருந்து 1981இல் அதை இங்கே கொண்டுவரும் வரை, பல தோட்டங்களில் அந்த வேலையைத் தொழிலாளர்கள் கையால் செய்தார்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் கூடத்துக்குப் போனால் விளக்கப் பலகையை முந்திக்கொண்டு படித்துக் காட்டாதீர்கள். பிள்ளை முதலில் கை வைக்கட்டும். ஒரே காட்சிப்பொருளில் அரைமணி நேரம் நின்றாலும் நிற்கட்டும். எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதைவிட ஒன்றைத் தானே கண்டுபிடிப்பது பெரிது. ஊர் திரும்பியதும், மரம் சீவிய பெரியவர் ஒருவர் முன்னால் பிள்ளையை உட்காரவைத்து, எப்படிச் சீவினார் என்று கேட்கச் சொல்லுங்கள். கையால் கற்ற அந்தத் தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே அந்தப் பாடத்தைக் கேட்டுவிட வேண்டும்.