டிஸ்பென்சரியில் சொன்னது யாருக்கெல்லாம் தெரியும்?

எமது சுகாதாரக் கூட்டங்கள் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு இரண்டொரு தாய்மார் மட்டும் பின்தங்கி நிற்பார்கள். அவர்கள் மெதுவாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டொக்டர் ஐயாகிட்ட சொன்னா ஆபீசுக்கும் தெரிஞ்சிடுமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். காலையில் டிஸ்பென்சரி வாசலில் யார் நின்றார்கள் என்ற செய்தி பத்து மணிக்குள் மலைக்குப் போய்விடும். பின்னேரம் அது பீலிக்கரைக்கு வந்து சேரும்போது சாதாரண இருமல் சயரோகமாக மாறியிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் நோயாளியின் இரகசியத்தை டிஸ்பென்சரியும் கிளினிக்கும் எப்படிக் காப்பாற்றுகின்றன? எந்த விஷயம் வெளியே போகலாம், எது போகக்கூடாது? இதைப் பற்றித்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

பயத்தினால் வரும் நட்டம்

இரகசியம் காப்பது வெறும் மரியாதைக்காக மட்டுமென்று நினைக்க வேண்டாம். அது வைத்தியத்தின் ஒரு பகுதி. ஏனென்றால், வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் நேரத்துக்கு வர மாட்டார்.

சயரோகத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். நோய் இருந்தால் பொதுவாக ஆறு மாதம் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் குணமாகும். ஆனால் "ஊருக்குத் தெரிஞ்சா மகளுக்கு சம்பந்தம் வராது" என்று ஒரு தகப்பன் இருமலை மறைத்தால், அதே காம்பராவில் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கும் அந்த நோய் தொற்றலாம்.

பெண்களின் வருத்தங்களும் அப்படியே. வெள்ளைபடுதல், மாதவிடாய் அல்லாத நாட்களில் இரத்தம் போதல், மார்பில் கட்டி போன்றவற்றைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவநாரி கிளினிக் என்று சொல்லப்படும் பெண்கள் பரிசோதனைக் கிளினிக்குகள் எமது நாட்டில் 1996ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டன. 35 வயதான பெண்கள் அங்கே போனால் கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய் வருவதற்கு முன்பே அதன் அறிகுறியைக் கண்டுபிடிக்க முடியும். வெளியே தெரியும் என்ற பயத்தால் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்து நோயாளர்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. அதனால் வேலை கொடுப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே இடமாயிற்று. டிஸ்பென்சரிப் புத்தகமும் செக்ரோலும் ஒன்றுதான் என்று எமது பாட்டன் பூட்டன் காலத்தில் மக்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. பின்னாளில் பல தோட்ட ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. தோட்டங்களின் நிர்வாகமும் 1992ஆம் ஆண்டிலிருந்து கம்பனிகளிடம் போனது. ஆனாலும் அந்தப் பழைய நினைப்பு இன்னும் போகவில்லை.

டிஸ்பென்சரிப் புத்தகம் வேறு, செக்ரோல் வேறு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவையெல்லாம் இரகசியம்?

நோயின் பெயர் மட்டும்தான் இரகசியம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. இரத்தப் பரிசோதனை முடிவு, கர்ப்பம் தரித்திருப்பது, கருக்கலைந்தது, குடும்பக் கட்டுப்பாட்டு முறை, குடிப்பழக்கம், மனவருத்தம், வீட்டில் அடிபட்ட காயம் என்று வைத்தியரிடமும் மருத்துவ மாதுவிடமும் நீங்கள் சொன்ன எல்லாமே இரகசியம். உங்கள் அடையாள அட்டை இலக்கமும் போன் நம்பரும் அப்படியே. எந்தக் கிளினிக்குக்கு வந்தீர்கள் என்பதைக்கூட வேறு ஒருவருக்குச் சொல்ல அங்குள்ளவர்களுக்கு உரிமையில்லை.

"அப்படின்னா எதுக்கு இவ்வளவு விவரம் கேக்குறாங்க?" என்றும் சிலர் கேட்பதுண்டு. ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று பெயர் மாறியும் இருக்கும். பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் சரியாக இருந்தால்தான் ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போகாது. முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன ஒப்பரேஷன் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விவரம் எடுப்பது உங்கள் வைத்தியத்துக்காகவே. வேறு காரியத்துக்கு அதைப் பாவிக்கக்கூடாது.

யார் பார்க்கலாம்? யார் பார்க்கக்கூடாது?

உங்களுக்கு வைத்தியம் செய்கிறவர்களும், அந்த வேலையில் அவர்களுக்கு நேரடியாக உதவுகிறவர்களும் மட்டுமே உங்கள் பதிவைப் பார்க்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அங்குள்ள வைத்தியருக்குத் தேவையான விவரம் கடிதத்தில் போகும்.

துரை, கிளாக்கர், கங்காணி, தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டி, மாப்பிள்ளை வீட்டார் ஆகிய ஒருவருக்கும் அதைப் பார்க்கும் உரிமை கிடையாது. நாம் நலன்புரி வேலை செய்கிறவர்கள் என்பதற்காக எமக்கும் அந்த உரிமை இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு நிறை குறைவு, எத்தனை தாய்மார் கர்ப்பிணிகள் என்ற எண்ணிக்கைதான் எமக்குத் தேவை. பெயர் தேவையில்லை.

கணவனும் மாமியாரும்? ஒரு வளர்ந்த பெண் தன் உடம்பைப் பற்றி மருத்துவ மாதுவிடம் சொன்னதை அவளுடைய சம்மதம் இல்லாமல் வீட்டாருக்குச் சொல்வது முறையல்ல. சேர்ந்து பேசுவது நல்லது என்றால், மருத்துவ மாது முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும்.

ஆபீசுக்கு எது தேவை?

லீவு எடுக்கும்போது ஆபீஸ் அறிய வேண்டியது எத்தனை நாள் வேலை செய்ய முடியாது என்பதே. பாரம் தூக்கலாமா, ஏற்றமான மலைக்குப் போகலாமா என்பதையும் சில நேரம் அறிய வேண்டியிருக்கும். சில மெடிக்கல் படிவங்களில் நோயின் பெயரை எழுத இடம் உண்டு. அது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் எழுதுவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். உறையில் போட்டு ஒட்டித் தரும்படியும் கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சில சமயங்களில் சொல்வதுதான் உங்களுக்கு லாபம். பிரசவ சகாயப் பணம் பெற கர்ப்பத்தை ஆபீசுக்கு அறிவிக்கத்தான் வேண்டும். மலையிலோ பெக்டரியிலோ வேலை செய்யும்போது காயம்பட்டால், அந்தக் காயத்தை உடனே பதிந்து வைத்தால்தான் பிறகு நட்டஈடு கேட்க முடியும். இந்த இடங்களில் மறைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நோயாளி நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது வைத்தியத் தொழிலில் மிகப் பழைய விதி. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்றுக்கொண்ட ஜெனீவாப் பிரகடனத்திலும் அது இருக்கிறது. நோயாளி இறந்த பிறகும் அந்தக் கடமை போகாது.

எமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்க அலுவலகங்களில் தகவல் கேட்க எல்லோருக்கும் உரிமை கொடுத்தது. ஆனால் ஒருவருடைய மருத்துவப் பதிவை, அவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காவிட்டால், அந்தச் சட்டத்தின் கீழும் இன்னொருவர் பெற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரிய தகவல் வகையில் சேர்த்தது. அந்தச் சட்டம் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது.

சொல்லியே ஆகவேண்டிய இடங்கள்

இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. டெங்கு, சயரோகம், நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கண்மாரி முதலிய தொற்றுநோய்களைக் கண்டால், எம்.ஓ.எச். ஆபீஸ் என்று நாம் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வைத்தியர் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பீ.எச்.ஐ. ஐயா உங்கள் லயத்துக்கு வந்து தண்ணீர் தேங்கிய இடங்களையும் பீலியையும் மலசலகூடத்தையும் பார்க்கிறார். அந்த அறிவித்தல் சுகாதாரப் பகுதிக்கு மட்டும் போவது. பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பதற்கு அல்ல.

ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் வைத்தியர் சும்மா இருக்கக்கூடாது. நீங்களும் 1929 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம். நீதிமன்றம் கட்டளையிட்டாலும், ஒருவரின் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலும் தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டி வரும்.

கிளினிக்கில் எதை எதிர்பார்க்கலாம்?

வைத்தியரோடு பேசும்போது கதவோ திரையோ மூடியிருக்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் மேசையருகே வந்து நிற்கக்கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் "சயரோகக்காரர் வாங்க" என்று கூப்பிடக்கூடாது. பதிவுப் புத்தகம் மேசையில் விரித்துக் கிடக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் பதிகிற இடத்தில் அதற்கான ரகசிய எண் பொறுப்பானவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பழைய துண்டுகளும் அட்டைகளும் கடலை சுற்றுகிற காகிதமாகக் கடைக்குப் போகக்கூடாது, எரிக்க வேண்டும்.

முக்கியமானது பாஷை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வரிசையில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. உங்கள் அந்தரங்க விஷயம் பக்கத்து லயத்துக்குப் போவது இப்படித்தான். "தமிழ் தெரிஞ்ச தாதி அம்மா இருந்தா கூப்பிடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். அல்லது உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் வருத்தத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது இருவருக்கும் பாரம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதம் இங்கிலீஷிலோ சிங்களத்திலோ இருந்தால் அதைக் கடைக்காரரிடமோ கிளாக்கரிடமோ வாசிக்கக் கொடுக்காதீர்கள். டிஸ்பென்சரிக்கே கொண்டுபோய் அர்த்தம் கேளுங்கள்.

கிளினிக் கொப்பி, கர்ப்பிணித் தாயின் அட்டை, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு என்பன உங்கள் கையில் இருப்பவை. அவற்றைக் கூரை இடுக்கில் செருகாமல், நனையாத பையில் போட்டு பெட்டிக்குள் வையுங்கள். மருந்து எடுத்துவர அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்தனுப்புவதைத் தவிருங்கள்.

கொழும்பில் இருக்கும் மகனுக்கு ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அனுப்பும்போது பத்துப் பேர் உள்ள குரூப்பில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரு தரம் போன படத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

தினமும் டிஸ்பென்சரிக்கு வந்து மாத்திரை விழுங்க வேண்டியவர்கள், கூட்டம் இல்லாத நேரத்தை டொக்டர் ஐயாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். வெட்கத்துக்காக ஒரு நாள் மாத்திரையையும் விடாதீர்கள்.

இரகசியம் வெளியே போய்விட்டால்?

யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை மறப்பதற்குள் எழுதி வையுங்கள். முதலில் டிஸ்பென்சரிப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். அவர் மேலேயே முறைப்பாடு என்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கோ மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கோ எழுதலாம். பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரைப் பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சேமநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். கடிதத்தில் நோயின் பெயரை எழுத வேண்டிய அவசியமில்லை.

கடைசியாக ஒன்று. டிஸ்பென்சரி எவ்வளவு கவனமாக இருந்தாலும் வரிசையில் நிற்கும் நாம் வாயைக் கட்டாவிட்டால் பிரயோசனமில்லை. பக்கத்துக் காம்பராக்காரி கிளினிக்குக்கு வந்திருந்தால் "என்னா வருத்தம்?" என்று துருவ வேண்டாம். அவளாகச் சொன்னால் கேட்டு உதவி செய்யுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பார்த்ததைப் பீலிக்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். அப்போதுதான் நாளைக்கு அவளும் பயமில்லாமல் வருவாள், உங்கள் மகளும் பயமில்லாமல் போவாள்.