கைப்பிடியும் இரத்த அமுக்கமும்

கிணற்றிலிருந்து நீர் நிறைந்த வாளியைத் தூக்கிச் செல்பவரைக் கவனியுங்கள். நடக்கும் கால்களின் தசைகள் மாறி மாறிச் சுருங்கித் தளர்கின்றன. வாளியைப் பற்றிய கையின் தசைகளோ அசைவின்றி இறுகியே நிற்கின்றன. இவ்வாறு அசையாது இறுக்கும் முயற்சியினால் இரத்த அமுக்கம் ஏறுகின்றது. ஆயின் அதனையே அளவறிந்து சில வாரங்கள் பழகி வந்தால், ஓய்வாக இருக்கும் வேளையில் அமுக்கம் இறங்குகின்றது! முரண்போலத் தோன்றும் இதனைச் சற்று ஆராய்வோம்.

ஏறுவது ஏன்?

இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களை நெரிக்கின்றது. போதிய இரத்தம் பெறாத தசையில் தேங்கும் கழிவுப் பொருள்கள் அங்குள்ள நரம்புகளைத் தூண்டுகின்றன. செய்தி மூளையை எட்டியதும் இதயம் விரைந்து துடிக்கின்றது, உடலின் பிற பாகங்களிற் குழாய்கள் ஒடுங்குகின்றன, அமுக்கம் உயர்கின்றது. 1937ஆம் ஆண்டில் ஆலம், சிமேர்க் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை விளக்கிக் காட்டினர். உழைத்த தசையிலிருந்து இரத்தம் ஓடாவண்ணம் தடுத்தபோது, உழைப்பு நின்ற பின்னரும் அமுக்கம் உயர்ந்தே நின்றது. தடையை நீக்கியதும் தணிந்தது.

பயிற்சி முறை

1992ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வைலியும் அவர்தம் குழுவினரும் கைப்பிடிப் பயிற்சி ஓய்வு நேர அமுக்கத்தைக் குறைப்பதை வெளியிட்டனர். பின்னர் வழக்கில் வந்த முறை இதுவாகும்: ஒருவர் தம் முழுப் பலத்துடன் பிடிக்கக்கூடிய அளவில் நூற்றுக்கு முப்பது பங்கு வலிமையோடு 2 நிமிடம் பிடித்தல், 1 நிமிடம் ஓய்வு, இவ்வாறு 4 முறை. வாரத்திற்கு 3 நாள்; 8 முதல் 10 வாரம் வரை. இரத்தக் குழாய்களின் உட்சுவர் நன்கு தொழிற்படுவதும், குழாய்களை ஒடுக்கும் நரம்புகளின் வேகம் தணிவதும் இப்பயனுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பயிற்சியைக் கைவிட்டால் சில வாரங்களிற் பயனும் மறையும்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு

ஒரே மருந்து எல்லார்க்கும் ஒரே அளவிற் பலன் தருவதில்லை, பயிற்சியும் அவ்வாறே. பிடிக்கும் வேளையில் ஏறும் அமுக்கம் பொதுவாக ஆண்களிலும் பார்க்க இளம் பெண்களிற் குறைவு. பயிற்சியின் பயனோ, தொடக்கத்தில் அமுக்கம் மிகுந்திருந்தோரிடத்தே பெரும்பாலும் கூடுதலாகக் காணப்படுகின்றது. 2017ஆம் ஆண்டின் அமெரிக்க வைத்திய வழிகாட்டி, உயர் அமுக்கம் உடையோரில் மேல் அளவு சுமார் 5 மில்லிமீற்றர் குறையலாம் என மதிப்பிட்டது. எனினும் அதே ஆண்டு வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சியில், வேகநடை போன்ற பயிற்சி நாள் முழுதும் அளந்த அமுக்கத்தைக் குறைத்தது. கைப்பிடிப் பயிற்சி குறைக்கவில்லை. ஆதலின் இதனைக் கைகண்ட மருந்தெனக் கொள்வது தவறு.

எச்சரிக்கை

உயர் இரத்த அமுக்கம் பெரும்பாலும் நோவும் நொடியும் காட்டாது வளர்ந்து, இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. "கைப்பயிற்சி செய்கின்றேன், மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர் பேராபத்தை விலைக்கு வாங்குகின்றனர். அமுக்கம் கட்டுக்கடங்காதோரும் இதயநோய் உடையோரும் வைத்தியரின் அனுமதியின்றி இதனைத் தொடங்கலாகாது. பிடிக்கும்போது மூச்சை அடக்குதல் கூடாது. அது அமுக்கத்தை மேலும் ஏற்றிவிடும். வாய்விட்டு எண்ணிக்கொண்டு பிடிப்பது நன்று. பலத்தை அளந்து காட்டும் கருவியின்றி வெறும் இறப்பர்ப் பந்தைப் பிசைவது இப்பயிற்சியாகாது.

வீட்டில் அமுக்கத்தை அளப்போர், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாது அளத்தல் வேண்டும். அளவுகளைக் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். உப்பைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், புகைத்தலை விடுதல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளல் ஆகிய நான்கினோடு கைப்பிடியும் ஐந்தாவதாகச் சேரட்டும். அந்நான்கின் இடத்தை அது பிடித்துக்கொள்ள வேண்டாம்.